ஆறு கிலோ

வாழைச்சேனை நீதவான் நீதிமன்றத்தில்
சான்றுப்பொருள் அறைத் திறப்பு என்னிடம்.
கசிப்புப் பரல்கள், வளைந்த கத்தி,
சங்கிலி இல்லாத சைக்கிள்கள்.
அவற்றுக்கு நடுவே
ஆறாம் வாய்க்கால் துருசின் சுற்றுச் சில்லு,
கழுத்தில் வழக்கிலக்கச் சீட்டோடு.

கழற்றியவன் சதாகரன்.
கடன் வாங்கிய ஸ்பானர் ஒன்று, யூரியாச் சாக்கு ஒன்று.
சைக்கிள் கரியரில் கட்டி
நாவலடிச் சந்தி மட்டும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறான்.
ஏறி மிதித்தால்
முன்சில்லு நிலத்தை விட்டுக் கிளம்புமாம்.

இரும்புக் கடைத் தராசு
நாற்பத்தொன்று என்றது.
பொலிஸ் தராசு
நாற்பத்தேழு.
குற்றப்பத்திரத்தில் அந்த எண்ணை வாசிக்கும்போதுதான்
அவன் தலை நிமிர்ந்தான்.

குற்றவாளியா, சுற்றவாளியா?

"குற்றவாளிதான் ஐயா.
ஆனா அந்த ஆறு கிலோக் காசு
எனக்கு இன்னும் வரோணும்."

சட்டத்தரணிகள் சிரித்தார்கள்.
கூண்டருகே நின்ற பொலிஸ்காரர்
தொப்பியால் வாயை மறைத்தார்.
நீதவான் பேனாவை மூடிவைத்து
"என்ன விலை?" என்றார்.
"கிலோ தொண்ணூறு."
அவர் மனதுக்குள் பெருக்கியதை
உதட்டில் கண்டேன் நான்.

பின் வாங்கிலிருந்து
வட்டவிதானை பூபாலபிள்ளை எழும்பினார்.
கதவு பாதியில் இறுகி நிற்குது ஐயா,
மேல்கண்டம் முழங்கால் தண்ணி,
கீழ்கண்டம் வெடிச்சுப் போய்க் கிடக்கு,
சில்லைத் தாங்க,
வழக்கை மறுகா பாருங்க.

வழக்கு முடியும் வரை அது சான்று.
அந்தச் சிறுபோகம் முழுக்க
இரண்டடிக் குழாயை மாட்டி
நாலு பேர் மூச்சுப் பிடித்துத் திருகினார்களாம் அந்தத் தண்டை.
என் பூட்டில் திறப்பு
சுகமாகச் சுற்றியது.

முதல் குற்றம். ஈராண்டு நன்னடத்தை.
களவுக் காசில் அவன்
வெட்டிப்போட்ட கரண்டுக்கு
மூவாயிரத்து அறுநூறு கட்டியிருந்தான்.
பற்றுச்சீட்டும் என் அறையில்தான், உறைக்குள்.
மிச்சத் தொண்ணூறுக்குப்
பிளேன்டியும் ரோல்சும்.
அதற்குச் சீட்டு இல்லை.

மாதத்தின் முதற்செவ்வாய்
மேல்மாடியில் ஜெயவாணி மிஸ்ஸிடம் கையொப்பம்.
இறங்கும்போது என் வாசலில் நிற்பான்.
"சில்லு இரிக்கா மிஸ்?"
இருக்கு.
"கிறீஸ் கொஞ்சம் பூசுங்களன், துரு திண்டிரும்."
சான்றுப்பொருளில் எதையும் பூசக்கூடாது தம்பி.
மாரியில் கூரை ஒழுகியது.
வாளியை வைத்தேன்,
சில்லுக்குக் கீழே இல்லை,
கோப்புகளுக்குக் கீழே.

வழக்கு முடிந்து நாங்கள் எழுதிய கடிதத்துக்கு
நீர்ப்பாசனத் திணைக்களம்
பதில் போட்டது:
புதுச்சில்லு பூட்டியாயிற்று.
பழையது அளவில் பொருந்தாது.
ஏலத்துக்கு விடவும்.

ஏல நாளும் அவனுடைய கடைசிக் கையொப்பமும்
ஒரே செவ்வாயில் விழுந்தன.
தூக்க ஆள் இல்லை.
அவனே மார்போடு அணைத்து வந்து
தராசில் இறக்கினான்.
சட்டையில் செம்மண் போலத் துரு.

முள் ஆடி ஆடி
நாற்பத்துநாலில் நின்றது.

துரு தின்றதா, தராசு தின்றதா,
எனக்குத் தெரியாது.
அவன் குந்தியிருந்து
தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தான்.
கல் ஏதும் இல்லை.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் பேரேட்டில் எழுதுவதைத்
தலைகீழாக நின்று வாசித்தான்.

"அப்ப,
மூண்டு கிலோக் காசுதான் வரோணும் மிஸ்,"
என்றான்.